சுண்டு எண்டா எத்தனை கிராம்?

ரொறன்ரோவில இருக்கிற அக்கான்ர மகள் வட்ஸ்அப்பில ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள்.

"சித்தி, அம்மம்மான்ர பயற்றம் பணியாரம் செய்யப்போறன். ரெண்டு சுண்டு மா, ஒரு சுண்டு சீனி எண்டு அம்மா சொல்லுறா. என்னட்டத் தராசுதான் இருக்கு. சுண்டு எண்டா எத்தனை கிராம்?"

நான் திருப்பிக் கேட்டன்.

"மாச் சுண்டா, சீனிச் சுண்டா?"

"ரெண்டும் ஒரே சுண்டுதானே சித்தி?"

சுண்டு ஒண்டுதான் பிள்ளை. ஆனா பயற்றம் மா ஒரு சுண்டு 170 கிராம் போல வரும். சீனி ஒரு சுண்டு 240 கிராம் போல வரும். அதே பேணி, அதே தலைதட்டு, 70 கிராம் வித்தியாசம்.

எனக்கு அந்தக் கேள்வி சரியான சந்தோசம். கன நாளா என்ர மனசுக்குள்ள கிடந்த விசயம் இது. உடன தராசைத் தூக்கி மேசையில வைச்சன். குசினியில இருந்த அரிசி, மா, சீனி, உப்பு, எண்ணெய் ஒண்டையும் விடேல்ல. எல்லாத்தையும் நிறுத்தாச்சு. அம்மா வாசலில நிண்டு பாத்துக்கொண்டு நிண்டா.

"என்ன பிள்ளை, கடை ஏதும் போடப்போறியோ?"

(கடை போடேல்ல அம்மா. பதிவு போடுறன்.)

நீளமான பதிவு. தேத்தண்ணி ஒண்டு ஊத்திக்கொண்டு வாங்கோ.

முதல்ல அடிப்படையைச் சொல்லிப்போடுறன்.

சுண்டு, கப், பேணி, கரண்டி, போத்தல் இதெல்லாம் ஒரு சாமான் எவ்வளவு இடம் பிடிக்குது எண்டு அளக்கிறது. கிராம், கிலோ, இறாத்தல் இதெல்லாம் அது எவ்வளவு பாரம் எண்டு அளக்கிறது. தண்ணிக்கு மட்டும் ரெண்டும் ஒத்துப்போகும். 100 மில்லிலீற்றர் தண்ணி 100 கிராம். தேன் அதே இடத்தில கனக்கப் பாரம். எண்ணெய் கொஞ்சம் இலேசு. மாவுக்குள்ள பாதி காத்து. அரிசிக்கும் பயறுக்கும் இடையில இடைவெளி. அதால "சுண்டு எத்தனை கிராம்" எண்ட கேள்விக்கு ஒரு பதில் இல்லை, சாமானுக்குச் சாமான் ஒரு பதில்.

சரி, சுண்டுக்கு வருவம்.

சுண்டு எண்டது அம்மா அம்மம்மா கண்ணளவா வைச்சிருந்த ஏதோ ஒரு பேணி எண்டு கனபேர் நினைக்கினம். அப்பிடியில்லை. அதுக்குப் பின்னால முறையான கணக்கு இருக்கு.

நாலு சுண்டு ஒரு கொத்து.
முப்பத்திரண்டு கொத்து ஒரு புசல்.

இந்தப் புசல் ஆங்கிலேயர் காலத்து எட்டுக் கலன் புசல். லீற்றரில சொன்னால் 36.37. அதை 32ஆல பிரிச்சுப் பாருங்கோ, ஒரு கொத்து 1.136 லீற்றர். அதையும் நாலால பிரிச்சால் ஒரு சுண்டு 284 மில்லிலீற்றர். அவையின்ர கணக்கில சரியா அரைப் பைந்து.

இனி இதுக்குள்ள சாமானைப் போடுவம்.

அரசாங்கம் கூப்பனுக்கு அரிசி தந்த காலத்தில ஒரு கொத்து அரிசி எண்டால் ரெண்டு இறாத்தல். அப்ப ஒரு சுண்டு அரிசி அரை இறாத்தல், 227 கிராம். ஒரு புசல் நெல்லு 46 இறாத்தல், 20.9 கிலோ எண்டது இண்டைக்கும் புழங்கிற கணக்கு. அதை 128 சுண்டாப் பிரிச்சால் ஒரு சுண்டு நெல்லு 163 கிராம்.

ஒரே சுண்டு தான்:

தண்ணி 284 கிராம்.
அரிசி 227 கிராம்.
நெல்லு 163 கிராம்.

இந்த மூண்டு எண்ணும் விளங்கினால் இந்தப் பதிவில பாதி விளங்கின மாதிரி.

(இடையில ஒரு கதை. இந்தக் கொத்து எண்ட அளவு அரசாங்கத்தையே ஆட்டின அளவு. 1953இல கூப்பன் அரிசி கொத்து 25 சதத்தில இருந்து 70 சதமாப் போச்சு. ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடு முழுக்க ஹர்த்தால். அந்த வருசமே டட்லி சேனநாயக்க பிரதமர் பதவியை விட்டு விலகினார். பிறகு அவரே திரும்பி வந்து, 1966 கடைசியில கூப்பனுக்குத் தந்த ரெண்டு கொத்தை ஒரு கொத்தாக் குறைச்சு, அந்த ஒண்டை இலவசமாக் குடுத்தார். 1970 தேர்தலில எதிர்ப்பக்கம் ரெண்டு கொத்துத் தருவம் எண்டு சொல்லி வெண்டது. பேணியால அளக்கிறது சின்ன விசயம் எண்டு ஆரும் சொன்னால் இதைச் சொல்லுங்கோ.)

இப்ப ரின்பால் பேணி.

எங்கட வீடுகளில சுண்டு எண்டு கையில எடுக்கிறது அனேகமா வெறும் ரின்பால் பேணிதான். பழைய 14 அவுன்ஸ் ரின், மேல் தாளில 397 கிராம் எண்டு இருக்கும். அதைக் கழுவிப்போட்டுத் தண்ணி விட்டு நிறுத்தால் 400 வராது. கிட்டத்தட்ட 300 கிராம்தான் வரும். ரின்பால் கட்டிப் பால், தண்ணியை விட மூண்டில ஒரு பங்கு போலப் பாரம் கூட. அதாலதான் 397 கிராம் அந்தச் சின்னப் பேணிக்குள்ள அடங்குது.

300 மில்லிலீற்றர் எண்டது 284க்கு எவ்வளவு கிட்ட எண்டு பாருங்கோ! சுண்டை விட ஒரு மேசைக்கரண்டிதான் கூட. சந்தையில சுண்டு வாங்காமலே வீட்டுக்கு வீடு ரின்பால் பேணி சுண்டா மாறினதுக்கு இதுதான் காரணம் எண்டு நான் நம்புறன்.

ஆனா கவனம். இப்ப வாற ரின் எல்லாம் ஒரே அளவில்லை. சின்னன், பெரிசு எண்டு கனக்க இருக்கு. அம்மான்ர பேணி எது எண்டு பாத்துத்தான் அளவு எழுத வேணும்.

சரி, என்ர குசினிக் கணக்கு. 284 மில்லிலீற்றர் சுண்டு, தலைதட்டி. எல்லாம் கிட்டத்தட்ட. உங்கட அரிசிக்கும் மாவுக்கும் பத்துக் கிராம் அங்கால இங்கால போகலாம்.

அரிசி: 225 முதல் 240 கிராம் வரை
பயறு, உளுந்து: 235 – 240
சீனி: 240
ரவை: 200
வறுத்த அரிசி மா: 165 – 180
கோதுமை மா, அரிச்சுக் கரண்டியால இட்டால்: 150
அதே மா, பைக்குள்ள சுண்டை விட்டு அள்ளினால்: 180
பால்மா: 150
மிளகாய்த்தூள்: 140
தேங்காய்ப்பூ, அமத்தாமல்: 100
தேங்காயெண்ணெய்: 260
தூள் உப்பு: 340
தேன்: 400

தேங்காய்ப்பூவையும் தேனையும் பாருங்கோ. ஒண்டு 100, மற்றது 400. "சுண்டு எண்டால் கால் கிலோ" எண்டு பொதுவாச் சொல்லுற ஆக்கள் இருக்கினம். அரிசிக்கும் சீனிக்கும் அது ஓரளவு சரி. மாவுக்குச் சொன்னால் பலகாரம் கல்லாப் போகும்.

இந்தப் பட்டியலில என்னைக் கனக்க யோசிக்க வைச்சது கோதுமை மாதான். ஒரே மா, ஒரே சுண்டு, எடுக்கிற விதத்தில 30 கிராம் வித்தியாசம். நாலு சுண்டு மா போடுற வேலைக்கு 120 கிராம் வித்தியாசம். ரொட்டிக்கு அது பரவாயில்லை, தண்ணியைக் கூட்டிக் குறைச்சுச் சமாளிக்கலாம். கேக்குக்குச் சமாளிக்கேலாது.

அவிச்ச மாவில இன்னும் வித்தியாசம். நீத்துப்பெட்டியில அவிச்சு, சூட்டோட கட்டி உடைச்சு, அரிதட்டில அரிச்சு எடுத்த உடன அது பஞ்சு மாதிரி இருக்கும். ரெண்டு நாள் ரின்னுக்குள்ள அடைச்சு வைச்சால் இறுகும். அதே மாவை அண்டைக்குச் சுண்டால அளந்தால் ஒரு பாரம், பிறகு அளந்தால் இன்னொரு பாரம். அம்மா அளக்கேக்க நான் வடிவாப் பாத்திருக்கிறன். அவ சுண்டை மாவுக்குள்ள விடமாட்டா. சிரட்டை அகப்பையால மெல்லமா அள்ளிச் சுண்டுக்குள்ள விழுத்துவா, தட்டமாட்டா, குலுக்கமாட்டா, விரலால ஒரு வழி வழிச்சு விடுவா. அரிசிக்கு மட்டும் ஒரு தட்டு. இதெல்லாம் ஒரு ஒழுங்கு. ஆரும் எழுதி வைக்காத ஒழுங்கு.

யூரியூப்பில "ஒரு கப் மா, ஒரு கப் சீனி" எண்டு சொல்லுற ஆக்களில எனக்குக் கோவம் இதாலதான்.

எந்தக் கப்?

அமெரிக்காவின்ர கப் 237 மில்லிலீற்றர்.
கனடா, அவுஸ்திரேலியாக் கப் 250.
பழைய பிரித்தானியக் கப் 284. (எங்கட சுண்டேதான்!)
யப்பான் கப் 200.
ரைஸ் குக்கரோட வாற பிளாஸ்ரிக் கப் 180. அது யப்பான்காரர் பரம்பரையா அரிசி அளக்கிற அளவு.

சின்னதுக்கும் பெரிசுக்கும் நூறு மில்லிலீற்றருக்கு மேல வித்தியாசம். ரைஸ் குக்கர் கப்பால அரிசி அளந்து, தேத்தண்ணிக் கப்பால தண்ணி விட்டால் சோறு குழைஞ்சு கஞ்சியாத்தான் வரும். குக்கர் பழுது எண்டு கடைக்குக் கொண்டுபோக வேண்டாம். குக்கரில பிழையில்லை.

கரண்டியிலயும் இந்தப் பிரச்சினை இருக்கு. மேசைக்கரண்டி அனேகமான நாடுகளில 15 மில்லிலீற்றர், அவுஸ்திரேலியாவில 20. சிட்னியில இருக்கிற சொந்தக்காரர் அனுப்பிற குறிப்பில "ரெண்டு மேசைக்கரண்டி" எண்டு இருந்தால், இங்க அது ரெண்டரைக்கும் கொஞ்சம் கூட. (பிள்ளையளுக்கு மருந்துப் பாணி குடுக்கேக்க வீட்டுத் தேக்கரண்டியை எடுக்காதேங்கோ. மருந்துக் கணக்கில தேக்கரண்டி எண்டால் 5 மில்லிலீற்றர். வீட்டுக் கரண்டி ஒவ்வொண்டும் ஒவ்வொரு அளவு. போத்தலோட வாற மூடியையோ ஊசிக் குழலையோ பாவியுங்கோ.)

தலைதட்டின கப், தலைதட்டின கரண்டி எண்டு சமையல் குறிப்பை ஒழுங்காக்கினதில ஃபெனி ஃபார்மர் எண்ட அமெரிக்க அம்மாவுக்குப் பெரிய பங்கு. 1896இல பொஸ்ரன் நகரத்துச் சமையல் பள்ளிக்கூடப் புத்தகம் எழுதினவ. கண்ணளவா எழுதின குறிப்புகளை எல்லாரும் ஒரே மாதிரிச் செய்யிற குறிப்பா மாத்தினா. எங்கட அம்மாக்களின்ர தலைதட்டு அதுக்கெல்லாம் முந்தினது. எழுதத்தான் ஆள் இல்லை.

இப்ப கேக்.

எங்கட ஊர் பட்டர் கேக் கணக்கு எவ்வளவு வடிவான கணக்கு தெரியுமோ? 500 கிராம் பட்டர், 500 கிராம் சீனி, 500 கிராம் மா, 10 முட்டை. முந்தி இறாத்தல் கணக்கில செய்தது. எங்கட கடை முட்டை உடைச்சு ஊத்தினால் ஒண்டு 50 கிராம் சொச்சம், பத்து முட்டையும் 500 கிராமுக்குக் கிட்ட. நாலும் சம பாரம். இதை நினைவில வைக்க ஒரு கொப்பியும் தேவையில்லை.

ஆனா சம பாரம் எண்டதை சம கப் எண்டு எடுத்துப்போடாதேங்கோ. 250 மில்லிலீற்றர் கப்பில 500 கிராம் சீனி ரெண்டரைக் கப்புக்குள்ள முடிஞ்சிடும். 500 கிராம் மா நாலு கப்புக்குக் கிட்டப் போகும். ரெண்டையும் ஒரே கப் கணக்கில போட்டால் சீனி கூடி, மா காணாமல், கேக் நடுவில இருந்திடும். கேக்குக்கு என்ர தீர்ப்பு இதுதான்: தராசு இல்லாமல் தொடங்கவேண்டாம். பேக்கரியில பாண் போடுற ஆக்களும் அப்பிடித்தான். மாவை நூறு எண்டு வைச்சு, உப்பு ரெண்டு, தண்ணி அறுபது சொச்சம் எண்டு எல்லாம் பாரத்தில நிறுத்துத்தான் போடுவினம்.

கேக்கை விட்டு வயலுக்கு வருவம். பாரமும் அளவும் சண்டை பிடிக்கிற இடம் எங்கட வன்னியில உண்மையில வயல்தான்.

முந்தி நெல்லைப் புசலால அளந்தவை. வயலின்ர பரப்பையே எத்தனை புசல் விதைப்பு எண்டு சொல்லுற பழக்கம் இருந்தது. வீசி விதைக்கிறதுக்கு ஏக்கருக்கு ரெண்டு புசல் விதைநெல்லு எண்டது இண்டைக்கும் சொல்லுற கணக்கு. இப்ப விக்கிறது வாங்கிறது எல்லாம் கிலோவில. காலபோகம் வெட்டி இரணைமடுப் பக்கம் உழவு இயந்திரப் பெட்டிகளில மூட்டை போகேக்க பாருங்கோ, எல்லா இடமும் தராசுக் கதைதான்.

புசலால அளந்தால் சப்பி நெல்லு ஏமாத்தும். உள்ளுக்க அரிசி இல்லாட்டியும் அது இடம் பிடிக்கும்.

தராசால நிறுத்தால் ஈரம் ஏமாத்தும். காயாத நெல்லு பாரம் கூடக் காட்டும். அதாலதான் நெல்லுச் சந்தைப்படுத்தும் சபை ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேல போகக்கூடாது எண்டு பாக்குது.

ரெண்டு அளவையும் தெரிஞ்ச விவசாயியை ஏமாத்தேலாது. ஒரு சுண்டு நெல்லைத் தலைதட்டி நிறுத்துப் பாத்தால் காணும். காஞ்ச நல்ல நெல்லு 160 கிராமைச் சுத்தி வரவேணும். 140க்குக் கிட்டப் போனால் சப்பி கூட. இது விலை பேசப் போற முதல் வீட்டிலயே செய்யக்கூடிய சோதனை.

கடையில சாமான் வாங்கேக்கயும் இந்த அறிவு காசு. ஒரு லீற்றர் தேங்காயெண்ணெய் 920 கிராம்தான். ஒரு கிலோ எண்ணெய் எண்டால் 1.09 லீற்றர். ஒரு கடை லீற்றர் கணக்கில விக்கும், அடுத்த கடை கிலோ கணக்கில விக்கும், மூண்டாவது கடை 750 மில்லிலீற்றர் போத்தல் கணக்கில விக்கும். போத்தல் எண்ணெய் 690 கிராம். மூண்டு விலையையும் ஒரே அலகுக்குக் கொண்டுவந்துதான் மலிவு எது எண்டு சொல்லலாம். லீற்றர் விலையை 0.92ஆல பிரிச்சால் கிலோ விலை. அவ்வளவுதான்.

தேன் நேர்மாறு. ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, மாங்குளம் பக்கத்துக் காட்டுத்தேன் போத்தலிலதான் வரும். 750 மில்லிலீற்றர் நிறைஞ்ச போத்தலில நல்ல தேன் ஒரு கிலோவுக்கு மேல, 1,050 கிராம் போல இருக்கவேணும். போத்தல் பாரத்தைக் கழிச்சு ஒரு கிலோவுக்கு நல்லாக் குறைஞ்சால் தண்ணிப்பிடிப்பு கூடின தேன், கன நாள் நிக்காது, புளிக்கும். (சீனிப்பாணி கலந்ததை இந்தச் சோதனை பிடிக்காது. அதுக்குத் தெரிஞ்ச கை, தெரிஞ்ச ஆள்தான் வேணும்.)

உப்பைச் சொல்லாமல் விட்டால் ஆனையிறவு என்னை மன்னிக்காது.

தூள் உப்பு ஒரு தேக்கரண்டி 6 கிராம் போல. கல்லுப்பு அதே கரண்டியில குறையும், கல்லுக்கும் கல்லுக்கும் இடையில இடைவெளி. கல் பெரிசாப் பெரிசாப் பாரம் குறையும். தூள் உப்புக்கு எழுதின குறிப்பைக் கல்லுப்பில செய்தால் உப்புக் காணாது. கல்லுப்புக்கு எழுதினதைத் தூளில செய்தால் வாயில வைக்கேலாது. கறிக்கு ருசி பாத்துப் போடலாம். ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் ருசி பாத்துப் போடேலாது. முல்லைத்தீவுக் கரையில மீன் உப்புப் போடுற ஆக்கள் மீன் எத்தனை கிலோ, உப்பு எத்தனை கிலோ எண்டு பாரத்திலதான் கதைப்பினம். அவைக்குத் தெரியும், உப்புக் காணாட்டில் மீன் பழுதாகும் எண்டு.

இனி அம்மான்ர கை.

நான் நிறுத்துக்கொண்டு இருக்கேக்க அம்மா கேட்டா, "கையில வாற கணக்கை உந்தப் பெட்டி சொல்லுமோ பிள்ளை?"

"சொல்லும் அம்மா, போடுங்கோ" எண்டு தராசில ஒரு தாளை வைச்சன். பருப்புக் கறிக்குப் போடுற உப்பை மூண்டு விரலால எடுத்துப் போட்டா. நிறுத்தன். திரும்பவும் போடச் சொன்னன். திரும்பவும். ஒரு கிராம் கூட மாறேல்ல.

நான் அப்பிடியே பாத்துக்கொண்டு இருந்தன். வயது போன கை, கண்ணாடி இல்லாத கண், ஒரு கிராமுக்குள்ள நிக்குது. இத்தனை வருசப் பழக்கத்தில அந்தக் கை தானே ஒரு தராசாகிட்டுது.

எங்கட அம்மாக்கள் இந்தப் பழக்கத்தை வசதியான காலத்தில எடுக்கேல்ல. தொண்ணூறுகளில வன்னிக்குள்ள பொருளாதாரத் தடை. பற்றறியே தடைசெய்த சாமான். (இந்த டிஜிட்டல் தராசு அப்ப இருந்தாலும் வேலை செய்திருக்காது.) சீனி இல்லாமல் பனங்கட்டியைக் கடிச்சுக்கொண்டு வெறும் தேத்தண்ணி குடிச்ச காலம். சங்கக்கடையில நிவாரண அரிசி கிலோவில தருவினம், வீட்டுக்கு வந்து அம்மா பேணியால அளந்து, எத்தனை நாளைக்கு எண்டு பங்கு போடுவா. கிலோவைச் சுண்டாக்கி, சுண்டை நாளாக்கிற கணக்கு அவவுக்கு மனசிலயே ஓடும். ஒரு பிடி கூடப் போட்டால் கடைசி நாளைக்கு அடுப்பில்லை.

2009இல, போரின்ர கடைசி நாள்களில, முள்ளிவாய்க்காலில கஞ்சி காய்ச்சினவைக்கு அந்தக் கணக்கும் இல்லை. இருந்த அரிசி, தண்ணி, உப்பு. வரிசையில நிக்கிற சனத்தைப் பாத்துத் தண்ணியைக் கூட்டினவை. ஒவ்வொரு வருசமும் மே 18இல சிரட்டையில அந்தக் கஞ்சியை வாங்கேக்க, அது எந்தப் புத்தகத்திலயும் இல்லாத ஒரு அளவு எண்டு எனக்குத் தெரியும். அதைக் கிராமில எழுத நான் கேக்கமாட்டன்.

மற்றதை எல்லாம் எழுதத்தான் கேக்கிறன்.

ஏனெண்டால் அம்மான்ர கை ரொறன்ரோவுக்குப் போகாது. கிராம் போகும். லண்டனில, பாரிஸில, சூரிச்சில எங்கட பிள்ளையள் அம்மம்மான்ர கைப்பக்குவம் வரேல்ல எண்டு கவலைப்படுகினம். கைப்பக்குவம் எண்டு நாங்கள் சொல்லுறதில பெரிய பங்கு நிறுக்கக்கூடிய அளவு. அதை நிறுத்து எழுதினால் அரைவாசித் தூரம் வந்திடலாம். மிச்சத்துக்கு அடுப்படியில நிண்டுதான் ஆகவேணும்.

இவ்வளவும் சொன்னதால சுண்டைத் தூக்கி எறியச் சொல்லுறன் எண்டு நினைக்காதேங்கோ. சுண்டு வெல்லுற இடம் கனக்க இருக்கு.

சோறு, கஞ்சி, பொங்கல் எல்லாம் விகிதத்தில நடக்கிற சமையல். ஒரு பேணி அரிசிக்கு ரெண்டு பேணி தண்ணி எண்டால், பேணி பெரிசெண்டாலும் சின்னனெண்டாலும் கணக்குப் பிழைக்காது. ரெண்டையும் ஒரே பேணியால அளக்கவேணும், அது ஒண்டுதான் சட்டம். வைகாசியில வற்றாப்பளை அம்மன் கோயிலடியில பொங்கிற சனம் ஆரும் தராசு கொண்டு போறதில்லை. கொண்டுபோகத் தேவையும் இல்லை. புது அரிசி, பழைய அரிசி எண்டதைத்தான் அங்க பாக்கவேணும். தை மாசத்துப் புது அரிசி தண்ணி குறைவாத்தான் குடிக்கும், ஒரு வருசம் இருந்த அரிசி கூடக் குடிக்கும். அதைத் தராசும் சொல்லாது, சுண்டும் சொல்லாது.

அப்ப என்ர கணக்கு இப்பிடி.

சோறு, கஞ்சி, பொங்கல், பருப்பு: சுண்டு.
புட்டு, இடியப்பம்: மா சுண்டில, தண்ணி கையில.
பணியாரம், முறுக்கு, அரியதரம்: முதல் தரம் சுண்டால அளந்து, அதையே நிறுத்து எழுதி, பிறகு கிராம்.
கேக், பாண், ஊறுகாய், கருவாடு: கிராம் மட்டும்.

உங்கட பேணியின்ர அளவைக் கண்டுபிடிக்கிறது சுகம். வெறும் பேணியைத் தராசில வையுங்கோ. பூச்சியம் ஆக்கிற பொத்தானை அமத்துங்கோ. விளிம்பு மட்டும் தண்ணி விடுங்கோ. எத்தனை கிராம் காட்டுதோ அத்தனை மில்லிலீற்றர் உங்கட பேணி. பிறகு தண்ணியை வெளியில ஊத்திப்போட்டு, வடிவாத் துடைச்சுக் காயவிட்டு, அரிசி, மா, சீனி ஒவ்வொண்டா நிறுங்கோ. தராசு இல்லையெண்டால் பேணியைக் கொண்டு பக்கத்துக் கடைக்குப் போங்கோ, மா வாங்கேக்க ஒரு தரம் நிறுத்துத் தரச் சொல்லிக் கேளுங்கோ. தருவினம்.

எழுதேக்க ரெண்டையும் எழுதுங்கோ. "பயற்றம் மா ரெண்டு சுண்டு, 340 கிராம். சீனி ஒரு சுண்டு, 240 கிராம்." சுண்டை மட்டும் எழுதினால் வெளிநாட்டில இருக்கிற பிள்ளைக்கு விளங்காது. கிராமை மட்டும் எழுதினால் சுண்டு எண்ட அளவே அடுத்த தலைமுறைக்குத் தெரியாமல் போகும்.

வீட்டில அம்மா, அம்மம்மா, மாமி, பெரியம்மா ஆராவது பேணியால அளந்து சமைக்கிறவை இருந்தால், தராசைக் கொண்டுபோய் அவைக்குப் பக்கத்தில இருங்கோ. அவை போடுறதை மறிக்காமல், திருத்தாமல், நிறுத்து நிறுத்து எழுதுங்கோ. பேணியின்ர அடியில அதின்ர அளவையும் அழியாத மையால எழுதிவிடுங்கோ. இந்தக் கிழமையே செய்யுங்கோ, பிறகு பாப்பம் எண்டு விடாதேங்கோ.